புகார் ‘நில்’னு போட்டிருக்கற ரிப்போர்ட்ட எப்படி படிக்கறது?

மும்பைல ஒரு பெரிய உற்பத்தி கம்பெனியோட ஈ.எஸ்.ஜி. (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் பாக்கற) டீம்ல புதுசா சேர்ந்திருக்கற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார், சொந்த ஊர் விருதுநகர் பக்கமாம். பி.ஆர்.எஸ்.ஆர்.னு, கம்பெனி எவ்வளவு பொறுப்பா நடந்துக்குதுன்னு வருஷா வருஷம் காட்டற ரிப்போர்ட் தயார் பண்ற வேலைய அவர்கிட்ட குடுத்திருக்காங்க, பழைய ரிப்போர்ட்ட எடுத்துப் பாத்தா புகார் எத்தனைங்கற எடத்துல எல்லாம் நில், நில், நில்னுதான் (Nil, அதாவது ஒண்ணுமே இல்லைன்னு) இருக்காம், இதெல்லாம் உண்மையா, இல்ல இந்த கார்ப்பரேட் கவர்னன்ஸ் (கம்பெனி நிர்வாக ஒழுங்கு), பொறுப்பான தொழில்ங்கறதே வெறும் பேப்பர் வேலைதானா, ஒரு கம்பெனி நிஜமாவே ஒழுங்கா நடக்குதான்னு எத வச்சு கண்டுபிடிக்கறதுன்னு கேக்கறார்.

தம்பி, நான் கம்பெனி செக்ரட்டரி. மும்பைல கம்பெனி ஆபீஸ்கள் நிறைஞ்ச ஃபோர்ட்லயும் அப்புறம் பி.கே.சி.லயுமா ரொம்ப வருஷமா போர்டு மீட்டிங்ல ஓரமா உக்காந்து மினிட்ஸ் எழுதற வேலை. அந்த எடத்துல இருந்து பாத்ததுல எனக்கு உறுதியா தெரிஞ்ச விஷயம் ஒண்ணு இருக்கு: கீழ வேலை செய்றவன் சொல்ற கெட்ட செய்தி மேல போர்டு வரைக்கும் போய்ச் சேருதா, சேர்ந்தா அங்க யாராவது கேள்வி கேக்கறாங்களா, இத பாத்தாலே போதும், கம்பெனி எப்படிப்பட்டதுன்னு முக்கால்வாசி தெரிஞ்சுடும். மத்த எல்லா பாலிசி, கமிட்டி, அவார்டு எல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

நீங்க சொல்ற அந்த டேபிளையே எடுத்துக்கோங்க. மார்க்கெட் மதிப்புல முதல் 1000 லிஸ்டட் கம்பெனிகளுக்கு 2022-23 நிதியாண்டுல இருந்து பங்குச்சந்தைய கண்காணிக்கற செபி இந்த ரிப்போர்ட்ட கட்டாயமாக்குச்சு, அதுக்கு அடிப்படை 2019-ல மத்திய அரசு வெளியிட்ட ஒன்பது கொள்கைகள். ஆரம்பப் பகுதிலயே புகார் டேபிள் ஒண்ணு வரும், அதுல சுத்துவட்டார மக்கள், முதலீட்டாளர், ஷேர்ஹோல்டர், ஊழியர்-தொழிலாளர், கஸ்டமர், சப்ளை செய்றவங்கன்னு வரிசையா இருக்கும், வருஷத்துல எத்தனை புகார் வந்தது, எத்தனை பாக்கின்னு போடணும். நிறைய கம்பெனில இந்த டேபிள கவனிச்சுப் பாத்தா ஒரு விஷயம் கண்ணுல படும். ஷேர்ஹோல்டர் வரிசைல நம்பர் இருக்கும், கஸ்டமர் வரிசைல ஆயிரக்கணக்குல கூட இருக்கும், தொழிலாளர் வரிசையும் ஊர்மக்கள் வரிசையும் மட்டும் நில். ஏன்னு யோசிங்க. ஷேர்ஹோல்டருக்கு டிவிடெண்ட் வரலைன்னா செபியோட ஸ்கோர்ஸ்ங்கற புகார் போர்டல்ல போய் போட்டுடுவார், அது கம்பெனி கைல இல்ல, வெளிய பதிவாயிடும். கஸ்டமருக்கு கன்ஸ்யூமர் கோர்ட் இருக்கு. வெளிய ஒரு வாசல் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் நம்பர் வருது, கம்பெனியே கதவத் திறக்க வேண்டிய எடத்துல நில் வருது. பத்தாயிரம் பேர் வேலை செய்ற எடத்துல வருஷம் முழுக்க யாருக்கும் சம்பளத்துலயோ சாப்பாட்டுலயோ சூப்பர்வைசர் பேசற பேச்சுலயோ ஒரு குறையும் இல்லைன்னா அத நான் நம்ப மாட்டேன். நில்னு பாத்தா எனக்கு பயமாதான் இருக்கும்.

இந்த பயம் எங்கேந்து வந்ததுன்னா சத்யம்ங்கற ஹைதராபாத் ஐ.டி. கம்பெனியோட கேஸ்ல இருந்து. அந்தக் கம்பெனிக்கு 2008-ல கார்ப்பரேட் கவர்னன்ஸுக்காக கோல்டன் பீகாக் அவார்டே குடுத்தாங்க, அப்புறம் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. போர்டுல ஹார்வர்டு பேராசிரியர் இருந்தார், ஹைதராபாத் பிசினஸ் ஸ்கூல் டீன் இருந்தார், பேருக்கும் படிப்புக்கும் எந்தக் குறையும் இல்ல. 2008 டிசம்பர் 16-ம் தேதி சேர்மன் குடும்பத்தோட ரெண்டு மேட்டாஸ் கம்பெனிகள சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கலாம்னு போர்டு ஓகே சொல்லிடுச்சு, முதலீட்டாளர்கள் கொந்தளிச்ச உடனே சில மணி நேரத்துலயே பின்வாங்கினாங்க. அதாவது போர்டு ரூமுக்குள்ள வராத எதிர்ப்பு வெளியில இருந்து வந்தது. அதே டிசம்பர்ல ஒரு இயக்குநருக்கு பேர மறைச்சு ஒரு ஈமெயிலும் வந்தது, கணக்குல பணமே இல்லைங்கற மாதிரி. 2009 ஜனவரி 7-ம் தேதி சேர்மன் ராமலிங்க ராஜுவே லெட்டர் எழுதி, பேலன்ஸ் ஷீட்ல காட்டின பேங்க் பணத்துல 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லைன்னு ஒத்துக்கிட்டார். கம்பெனிக்குள்ள எத்தனையோ பேருக்கு சந்தேகம் இருந்திருக்கும், பொய்யான இன்வாய்ஸ் தானா தயாராகாது இல்லையா, ஆனா அந்த சந்தேகம் நேரத்துக்கு மேல போய்ச் சேர ஒரு வழி இல்ல.

2013 கம்பெனி சட்டத்துல வந்த பல விஷயங்கள் இதுக்கு அப்புறம் யோசிச்சதுதான். லிஸ்டட் கம்பெனில ‘விஜில் மெக்கானிசம்’, அதாவது முறைகேட்ட பத்தி பயமில்லாம சொல்ற வழி, இருக்கணும், அவசியம்னா ஊழியர் நேரா போர்டோட ஆடிட் கமிட்டி சேர்மன்கிட்டயே போகலாம். ஆடிட் ஃபர்ம் பத்து வருஷத்துக்கு மேல தொடரக் கூடாது. செக்‌ஷன் 166 போர்டு இயக்குநரோட கடமைய எழுதும்போது ஷேர்ஹோல்டரோட நிறுத்தல, ஊழியர், சமூகம், சுற்றுச்சூழல் எல்லாத்தையும் சேர்த்து எழுதியிருக்கு, இத எத்தனை இயக்குநர்கள் ஒழுங்கா படிச்சிருக்காங்கன்னு எனக்கு சந்தேகம்தான்.

சட்டம் வந்தும் என்ன ஆச்சுன்னு கேட்டா நம்ம பி.கே.சி.லயே பாக்கலாம். ஐ.எல்.&எஃப்.எஸ்.ங்கற உள்கட்டமைப்பு நிதி கம்பெனி 2018-ல கடன கட்ட முடியாம விழுந்தப்போ அந்த குரூப்புக்கு கடன் 91,000 கோடிக்கு மேல, கீழ முந்நூறுக்கும் அதிகமான கம்பெனிகள், விழறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் உச்ச ரேட்டிங். அக்டோபர் 1-ம் தேதி அரசே போய் போர்டை மாத்த வேண்டி வந்தது. அப்போ வெளிய வந்த ஒரு விவரம்தான் எனக்கு இன்னைக்கும் மனச உறுத்துது: 2015-க்கும் 2018-க்கும் நடுவுல ரிஸ்க் மேனேஜ்மென்ட் கமிட்டி ஒரே ஒரு தடவைதான் கூடியிருக்கு. கமிட்டி இருந்தது, ஆள் இருந்தாங்க, ஆன்யுவல் ரிப்போர்ட்ல பேர் எல்லாம் அச்சாகி இருந்தது. கூடலைன்னா கெட்ட செய்தி எங்க போய் உக்காரும்? அதனால எந்த ரிப்போர்ட்ட எடுத்தாலும் கவர்னன்ஸ் பகுதில எந்தக் கமிட்டி எத்தனை தடவை கூடுச்சு, யார் யார் வந்தாங்கங்கற டேபிள முதல்ல பாருங்க. அதோட சேர்த்து சுதந்திர இயக்குநரோ ஆடிட்டரோ வருஷத்து நடுவுல ராஜினாமா பண்ணியிருக்காங்களான்னு பாருங்க, காரணத்த ஸ்டாக் எக்ஸ்சேஞ்சுக்கு சொல்லியாகணும், ‘சொந்த காரணம்’னு ஒரே வருஷத்துல ரெண்டு மூணு பேர் எழுதியிருந்தா அங்க நின்னு யோசிங்க.

இது மேல்மாடி கதை. கீழ்த்தளத்துல இதே கோளாறு உயிரயே எடுத்துடும். 2012 செப்டம்பர்ல கராச்சில அலி என்டர்பிரைசஸ்னு ஒரு கார்மென்ட் ஃபேக்டரி எரிஞ்சு 250 பேருக்கு மேல செத்தாங்க, அதுக்கு சில வாரம் முன்னாடிதான் அந்த ஃபேக்டரிக்கு எஸ்.ஏ.8000ங்கற சர்வதேச தொழிலாளர் தர சர்டிஃபிகேட் கிடைச்சிருந்தது. மறு வருஷம் ஏப்ரல் 24-ம் தேதி டாக்கா பக்கத்துல ராணா பிளாசா இடிஞ்சு 1,134 பேர் போனாங்க. முந்தின நாளே சுவத்துல விரிசல் வந்தாச்சு, கீழ இருந்த பேங்கும் கடைகளும் மூடிட்டாங்க, தையல் வேலை செய்ற பெண்கள மட்டும் வேலைக்கு வரச் சொன்னாங்க, வரலைன்னா சம்பளம் பிடிப்போம்னு மிரட்டினதா பிழைச்சவங்க சொன்னாங்க. விரிசல அந்தப் பெண்கள் கண்ணால பாத்திருக்காங்க, பயந்திருக்காங்க, அந்த பயத்துக்கு மதிப்பு குடுக்க ஒரு ஆள் இல்ல. அந்தக் கட்டடத்துல இருந்த சில ஃபேக்டரிகளுக்கும் சோஷியல் ஆடிட் (தொழிலாளர் நிலைமைய சோதிக்கறது) நடந்ததுதான். ஆடிட்டர் வர்றது ஒரு நாள் ரெண்டு நாள், விரிசல் வர்றது ஆடிட்டர் போன அப்புறம். அதனாலதான் 2013 மே மாசம் பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் கையெழுத்து போட்ட பங்களாதேஷ் அக்கார்டு முக்கியமானது, அது சட்டப்படி கட்டுப்படுத்தற ஒப்பந்தம், தொழிலாளி புகார் குடுக்க வழி இருந்தது, ஆபத்தான கட்டடத்துல வேலை செய்ய மாட்டேன்னு மறுக்கற உரிமையும் இருந்தது.

நம்ம பக்கத்துலயும் நடந்திருக்கு. 2020 டிசம்பர் 12-ம் தேதி பெங்களூர்ல இருந்து கொஞ்ச தூரத்துல கோலார் மாவட்டம் நரசாபுரால அப்போ ஐஃபோன் அசெம்பிள் பண்ணிட்டிருந்த விஸ்ட்ரான் ஃபேக்டரிய தொழிலாளிங்க அடிச்சு நொறுக்கினாங்க. பேசின சம்பளம் வேற, கைக்கு வந்தது வேறங்கறதுதான் குறை, பெரும்பாலானவங்க கான்ட்ராக்டர் மூலமா வந்தவங்க, கொஞ்ச மாசத்துலயே ஆள் எண்ணிக்கை ரொம்ப ஏறிடுச்சு, அதுக்கு ஏத்த ஹெச்.ஆர். அமைப்பு இல்ல. ஆப்பிள் அந்த சப்ளையர புரோபேஷன்ல (கண்காணிப்புல) வச்சது, விஸ்ட்ரான் இந்திய பொறுப்புல இருந்த வைஸ் பிரசிடென்ட்ட நீக்குச்சு, அப்புறம் என்ன பண்ணாங்க தெரியுமா, கன்னடம், தெலுங்கு, தமிழ், ஹிந்தி, இங்கிலீஷ்னு அஞ்சு மொழில 24 மணி நேர புகார் ஹாட்லைன் ஆரம்பிச்சாங்க. அந்த ஒரு ஃபோன் நம்பர் ஆறு மாசம் முன்னாடி இருந்து, எடுத்துப் பேச ஒரு ஆள் இருந்து, அவர் சொன்னா சம்பளத்த சரி பண்ற அதிகாரமும் இருந்திருந்தா நடந்த கதையே வேறயா இருந்திருக்கும்னு நான் நினைக்கறேன். மறு வருஷம் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் பெண்கள் ஹாஸ்டல் சாப்பாட்டால பாதிக்கப்பட்டு, கூட வேலை செய்றவங்க செத்துட்டாங்கன்னு வதந்தி பரவி, ராத்திரில சென்னை-பெங்களூர் ஹைவேய மறிச்சு உக்காந்தாங்க. சாப்பாடு சரியில்லைங்கறத சொல்ல ஹைவேதான் கிடைச்சதுன்னா அந்த கம்பெனிக்குள்ள பேச எடம் இல்லைன்னுதான் அர்த்தம்.

கொடைக்கானல் பாதரச விவகாரத்த விட்டுட்டு இத பேச முடியாது, ஏன்னா அந்தக் கம்பெனியோட ஹெட் ஆபீஸ் நம்ம மும்பைதான். இந்துஸ்தான் யூனிலீவரோட தெர்மாமீட்டர் ஃபேக்டரி, அமெரிக்கால இருந்து மெஷினோட பெயர்த்து எடுத்துட்டு வந்தது, பாண்ட்ஸ் கம்பெனிய வாங்கினப்போ இவங்க கைக்கு வந்தது. 2001-ல பாதரசம் கலந்த உடைஞ்ச கண்ணாடி ஊருக்குள்ள காயலான் கடைல கிடக்கறத ஊர்க்காரங்களும் தொழிலாளிகளும் கண்டுபிடிச்சு போராடின அப்புறம்தான் மூடினாங்க. வேலை செஞ்சவங்க உடம்புக்கு பாதரசத்தால பாதிப்பு இல்லைன்னுதான் கம்பெனி கடைசி வரைக்கும் சொல்லிச்சு, பாதிப்பு இருக்குன்னு தொழிலாளிகள் கோர்ட்டுக்குப் போனாங்க, 2016 மார்ச்ல 591 முன்னாள் தொழிலாளிகளோட சமரசம் ஆச்சு, தொகை வெளிய சொல்லல. நடுவுல பதினஞ்சு வருஷம். அந்த பதினஞ்சு வருஷத்துல அந்தக் கம்பெனி சஸ்டெய்னபிலிட்டில உலகத்துக்கே முன்னோடின்னு பேர் வாங்கிட்டிருந்தது, அந்த நல்ல வேலைகள் பொய்னு நான் சொல்லல, ஆனா ஒரு மலை ஊர்ல இருந்து வந்த குரலுக்கு பதில் சொல்ல அவ்வளவு காலம் ஆச்சுங்கறதும் உண்மை.

உலக அளவுல இதுக்கு ஒரு அடிப்படை இருக்கு. 2011-ல ஐ.நா. மனித உரிமை கவுன்சில் ஏத்துக்கிட்ட வழிகாட்டு நெறிகள், ஜான் ரக்கி எழுதினது: அரசு காப்பாத்தணும், கம்பெனி மதிக்கணும், பாதிக்கப்பட்டவனுக்கு நிவாரணம் கிடைக்கணும், இப்படி மூணு தூண். முதல் ரெண்டு பத்தி எல்லா கான்ஃபரன்ஸ்லயும் பேசுவாங்க, மூணாவது வந்தா சத்தம் குறைஞ்சுடும். ஆனா அதோட 31-வது நெறிதான் உங்க வேலைக்கு தினமும் உதவப் போறது, புகார் அமைப்பு நம்பகமா இருக்கணும், எட்டற தூரத்துல இருக்கணும், எத்தனை நாள்ல என்ன நடக்கும்னு முன்னாடியே தெரியணும், வந்த புகார்ல இருந்து கம்பெனி கத்துக்கணும்னு எட்டு அளவுகோல் குடுத்திருக்கு. வளர்ச்சிக்கு கடன் குடுக்கறவங்களுக்கும் இதே பரிட்சைதான். குஜராத் முந்த்ரால அனல்மின் நிலையத்துக்கு உலக வங்கி குழுமத்தோட ஐ.எஃப்.சி. 45 கோடி டாலர் கடன் குடுத்தது, மீனவங்க 2011-ல ஐ.எஃப்.சி.யோட சொந்த புகார் அமைப்புக்கே போனாங்க, அது விசாரிச்சு 2013-ல ஐ.எஃப்.சி. மேல குறை இருக்குன்னு எழுதுச்சு, ஆனா தீர்வு வரல. அப்புறம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2019 பிப்ரவரில இப்படிப்பட்ட சர்வதேச அமைப்புகளுக்கு வழக்குல இருந்து முழு விலக்கு கிடையாதுன்னு தீர்ப்பு வாங்கினாங்க, கட்ச் கடற்கரை மீனவங்க. பிற்பாடு கீழ் கோர்ட்ல கேஸ் நிக்கலங்கறது வேற விஷயம், ஆனா புகார கேட்டு எழுதி வச்சா மட்டும் போதாது, அதுக்கு மேல ஒரு கை அசையணும்ங்கறதுக்கு இத விட தெளிவான உதாரணம் எனக்குத் தெரியல.

அப்படி கை அசைஞ்ச எடம் நம்ம திண்டுக்கல். அங்க ஒரு கார்மென்ட் யூனிட்ல வேலை செஞ்ச இளம்பெண் 2021 ஜனவரில கொலை செய்யப்பட்ட அப்புறம், பாலியல் தொல்லை பத்தி பல பெண்கள் பேச ஆரம்பிச்சாங்க. 2022-ல தமிழ்நாட்டு தொழிற்சங்கமான டி.டி.சி.யு., ஆசிய அளவிலான கூட்டமைப்பு ஒண்ணு, ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் எல்லாரும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டாங்க, ஹெச்&எம், கேப், பி.வி.ஹெச். மூணு பிராண்டும் தனியா கையெழுத்து போட்டு கட்டுப்பட்டாங்க. தளத்துல சுமார் 25 தொழிலாளிக்கு ஒருத்தர்ங்கற கணக்குல அவங்கள்ல இருந்தே கண்காணிக்கறவங்க, வெளில இருந்து சுதந்திரமான விசாரணை, முடிவுக்கு ஃபேக்டரி கட்டுப்படலைன்னா பிராண்ட் ஆர்டர்ல கை வைக்கும். தலித் பெண்கள் முன்னின்னு நடத்தற சங்கம் இதுங்கறதையும் சொல்லணும். புகார் வந்ததுன்னா அங்க அது தோல்வி கிடையாது, அமைப்பு வேலை செய்யுதுங்கறதுக்கு ஆதாரம். உங்க சீனியர்களுக்கு இத புரிய வைக்க முடிஞ்சா பாதி வேலை முடிஞ்சது.

சி.எஸ்.ஆர்.ங்கற கம்பெனியோட சமூகச் செலவு பத்தியும் நிறைய பேர் குழப்பிக்கறாங்க, சுருக்கமா சொல்லிடறேன். மூணு வருஷ சராசரி லாபத்துல 2% சமூகத்துக்கு செலவு பண்ணணும்ங்கறது செக்‌ஷன் 135. அது சம்பாதிச்ச பணத்த எப்படி செலவு பண்றதுங்கற விஷயம், பணத்த எப்படி சம்பாதிக்கறதுங்கறது வேற விஷயம். ஸ்கூல் பிள்ளைங்க சிரிக்கற ஃபோட்டோ நூறு பக்கம் இருந்தாலும் கான்ட்ராக்ட் தொழிலாளியோட பி.எஃப். கட்டலைன்னா அது பொறுப்பான தொழில் கிடையாது.

இப்போ நீங்க என்ன பண்ணலாம். டேட்டா எல்லாம் எக்செல் ஷீட்ல பிளான்ட்ல இருந்து வரும், அத அப்படியே ஒட்டிடாதீங்க, ஒரு தடவையாவது பிளான்ட்டுக்கு போங்க. நான் ஒரு தடவை மும்பை பக்கத்துல தலோஜால ஒரு ஃபேக்டரிக்கு போனப்போ புகார் பெட்டி எங்கன்னு கேட்டேன். ஹெச்.ஆர். ரூம் வாசல்ல மாட்டியிருந்தது, நேர் மேல சி.சி.டி.வி. கேமரா, பூட்டு துருப்பிடிச்சு இறுகியிருந்தது, சாவி யார்கிட்டன்னு கேட்டா ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அறிவிப்புப் பலகை இங்கிலீஷ்லயும் மராட்டிலயும், லைன்ல நிக்கறவங்க ஒடியாவும் சந்தாலியும் பேசறவங்க. கேன்டீன்ல ஒருத்தர்கிட்ட ஹிந்தில, சம்பளத்துல ஏதாவது பிடிச்சா யார்கிட்ட சொல்வீங்கன்னு கேட்டேன், டேக்கேதார்கிட்டன்னார், அதாவது கான்ட்ராக்டர்கிட்ட. டேக்கேதாரே பிடிச்சாருன்னா? அவர் பதில் சொல்லாம தட்ட எடுத்துட்டு எழுந்து போயிட்டார். அந்த வருஷ ரிப்போர்ட்ல அந்த வரிசைல நில்தான் போட்டிருந்தாங்க, கீழ கொஞ்சம் தள்ளி ‘பர்மனென்ட் அல்லாத’ தொழிலாளர் எத்தனைன்னு பாத்தா பர்மனென்ட்ட விட அதிகம். கான்ட்ராக்டர் சம்பளம் குடுக்கலைன்னா பிரின்சிபல் எம்ப்ளாயர் (அவங்கள வேலைக்கு வச்சிருக்கற கம்பெனி) குடுத்தாகணும்ங்கறது 1970 கான்ட்ராக்ட் லேபர் சட்டத்துலயே இருந்த விஷயம், அப்படி இருக்கும்போது அவங்க குறை நம்ம குறை இல்லைன்னு எப்படி சொல்ல முடியும்.

அதனால பிளான்ட் ஹெச்.ஆர்.கிட்ட எத்தனை புகார்னு மட்டும் கேக்காதீங்க, கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு அந்த நம்பர் தெரியுமா, எந்த மொழில சொன்னீங்க, கடைசியா வந்த மூணு புகார் என்ன, என்ன முடிவாச்சு, புகார் குடுத்தவர் இன்னும் வேலைல இருக்காரான்னு கேளுங்க. கடைசி கேள்விதான் முக்கியம். விபத்து விகிதத்தையும் இதே மாதிரி குடைஞ்சு கேளுங்க, பத்து லட்சம் மனித-மணி நேரத்துக்கு எத்தனை விபத்துன்னு போடற எண்ணுல கான்ட்ராக்ட் ஆளும் சேரணும், ஆஸ்பத்திரிக்கு போனவர மறுநாள் ஆபீஸ்ல உக்கார வச்சு வேலை நாள் நஷ்டமாகலைன்னு காட்டறது சில எடத்துல நடக்குது, இ.எஸ்.ஐ. விபத்து ரிப்போர்ட்டோட ஒப்பிட்டா தெரிஞ்சுடும்.

மேல இருக்கறவர் நில்னே போடுன்னு சொன்னா சண்டை போட வேணாம், சின்ன வயசு, வேலை முக்கியம். கேட்டது என்ன, கிடைச்சது என்னன்னு மரியாதையா ஒரு மெயில் போட்டு வச்சுக்கோங்க, புகார் அமைப்பு கான்ட்ராக்ட் ஊழியர்களுக்கு இன்னும் போய்ச் சேரலைன்னு ரிமார்க்ஸ் கட்டத்துல ஒரு வரி சேர்க்கலாமான்னு கேளுங்க, நிறைய தடவை அந்த ஒரு வரிக்கு ஒத்துக்குவாங்க, அடுத்த வருஷம் ஆடிட் கமிட்டில யாராவது ஒருத்தர் அத பாத்து கேப்பார், நான் மினிட்ஸ்ல அப்படி கேள்விகள எழுதியிருக்கேன். விஷயம் பெருசா, கணக்கு மோசடி மாதிரியோ உயிருக்கு ஆபத்து மாதிரியோ இருந்தா மட்டும் விஜில் மெக்கானிசம் வழியா ஆடிட் கமிட்டி சேர்மனுக்கு நேரா எழுதுங்க, ஆதாரத்தோட எழுதுங்க, ஆனா தனியார் கம்பெனி ஊழியர காப்பாத்தற முழுமையான சட்டம் நம்ம நாட்டுல இல்லைங்கறத தெரிஞ்சுக்கிட்டு, ஒரு வக்கீல்கிட்ட பேசிட்டு செய்ங்க.

உங்க கம்பெனி கெமிக்கலா, டெக்ஸ்டைலா, ஆட்டோ பார்ட்ஸான்னு சொல்லுங்க தம்பி, ஒவ்வொண்ணுலயும் எண்ணு ஒளியற எடம் வேற வேற, அதுக்கு ஏத்த மாதிரி பிளான்ட்ல எந்தெந்த ரெஜிஸ்டர கேட்டு வாங்கணும்னு தனியா எழுதறேன்.